மின்னஞ்சல் சல்லடையும் வீண்பழியும்

(வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகரான மாயாபந்தரில், அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



தீவுகளில் வாழ்வோருக்குக் கடிதத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கப்பல் வந்தால்தான் தபால் என்றிருந்த காலத்தை இந்த அவையில் உள்ள மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். அதன் பின்னர் வந்த செயற்கைக்கோள் இணைப்பு, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் திணறும் அளவுக்குக் குறுகியதாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய்ச் செலவும் கொண்ட இத்திட்டத்தில் நமக்குத் தெற்கே உள்ள ரங்கத்தும் இணைக்கப்பட்டது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து இவ்வூருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ஒரு மின்னஞ்சல் ஒரு நொடியில் கடந்துவிடுகிறது.

கடந்து வந்த கடிதம் உரியவர் கண்ணில் படுகிறதா என்பது வேறு கேள்வி. அக்கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் அஞ்சல் பெட்டிக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு சல்லடை வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டாத விளம்பரங்களையும் மோசடிக் கடிதங்களையும் பிரித்துத் தள்ளுவது அதன் வேலை. ஸ்பாம் என்று உலகெங்கும் வழங்கும் இந்தக் குப்பை அஞ்சலின் வரலாறு 1978 மே 3 அன்று தொடங்குகிறது எனலாம். அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவெர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். தபால் விளம்பரத்துக்கு அஞ்சல்தலைச் செலவு உண்டு. மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேற்றுமை இல்லை. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்குள் உலகில் ஓடும் மின்னஞ்சலில் பாதிக்கும் மேற்பட்டது குப்பையாகிவிட்டது. எனவே சல்லடை வேண்டுமா என்ற வாதத்துக்கு இடமில்லை. அது எவ்வாறு தீர்ப்பளிக்கிறது என்பதையே நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வந்த சல்லடைகள் மிக எளியவை. 'இலவசம்' என்ற சொல் இருந்தால் தள்ளு. இன்ன முகவரியிலிருந்து வந்தால் தள்ளு. ஒரே சொல்லுக்காகக் கழுத்தைப் பிடித்து வெளியேற்றும் முறை இது. இலவசக் கண் சிகிச்சை முகாம் பற்றிய அறிவிப்பும் இதில் தப்பாது. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் மதிப்பெண் முறை. 2001-இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம் அசாசின் என்னும் இலவச மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. நூற்றுக்கணக்கான விதிகளில் ஒவ்வொன்றும் கடிதத்தில் ஓர் அடையாளத்தைத் தேடும். அந்த அடையாளம் கிடைத்தால் விதிக்குரிய மதிப்பெண் சேரும். நம்பிக்கைக்குரிய அடையாளம் கிடைத்தால் மதிப்பெண் குறையும். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் கடிதம் குப்பை. எந்த ஒரு சொல்லும் தனியே குற்றவாளி ஆவதில்லை. பல சிறு ஐயங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் தீர்ப்பு.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் நமது அலுவலகக் கடிதம் ஒன்றை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். பொருள் வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 'மிக மிக அவசரம்' என்ற குறிப்போடு இருக்கும். உள்ளே 'இணைப்பைக் காண்க' என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இராது. இணைப்பைத் திறந்தால் கையொப்பமும் முத்திரையும் இட்டு ஒளிவருடி மூலம் படமாக்கிய தாள் இருக்கும். சில வேளை கோடி ரூபாய் பற்றிய பேச்சும் வரும். கணக்குக்காக எண்களை நானே இட்டுக்கொள்கிறேன். பெரிய எழுத்துக்கு 1.5, அவசரக் கூச்சலுக்கு 1.2, உரையில்லாத படத்துக்கு 1.4, பெருந்தொகைக்கு 1.0. கூட்டினால் 5.1. கடிதம் குப்பைக்குள் போய்விட்டது! அவசரத்தை உரக்கச் சொல்வதும், பணத்தைப் பற்றிப் பேசுவதும், எழுத்தைப் படமாக மறைத்து அனுப்புவதும் மோசடிக்காரர்களின் வழக்கம். அரசு அலுவலகங்களும் அதே பழக்கங்களைக் கடைப்பிடிக்கின்றன என்பது சற்றுச் சங்கடமான உண்மையே.

நல்ல கடிதத்தைக் குப்பை என்று தள்ளும் பிழையை இவ்வுரையில் 'வீண்பழி' என்றும், குப்பையை நல்ல கடிதம் என்று உள்ளே விடும் பிழையைத் 'தப்பல்' என்றும் குறிப்பிடுகிறேன். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எல்லையை 5-லிருந்து 8-க்கு உயர்த்தினால் வீண்பழி குறையும், தப்பல் பெருகும். 3-க்கு இறக்கினால் பெட்டி தூய்மையாக இருக்கும், ஆனால் நல்ல கடிதங்கள் பல காணாமற்போகும். இரண்டும் ஒருசேர ஒழியும் எண் எதுவும் இல்லை.

அப்படியானால் எந்தப் பக்கம் சாய்வது? இத்தீவுகளில் இக்கேள்விக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் நேர்ந்தபோது இத்தீவுகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அஞ்சிய பேரலை வரவில்லை. அந்த எச்சரிக்கையை யாரும் குறை கூற இயலாது. வீணான எச்சரிக்கையின் விலை சில மணி நேர அலைச்சல். தவறிய எச்சரிக்கையின் விலை உயிர்கள். மின்னஞ்சலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தப்பி வந்த விளம்பரத்தை அழிக்க இரண்டு நொடி போதும். தவறாகத் தள்ளப்பட்ட கடிதம் ஒரு பணியாணையாகவோ மருத்துவப் பரிந்துரையாகவோ இருந்தால் அதற்கு விலை கூற முடியாது. (மோசடிக் கடிதம் தப்பி வந்தாலும் இழப்பு நேரும் என்று நீங்கள் கூறலாம். உண்மையே. ஆனால் அது கண்ணெதிரே இருக்கிறது. ஐயுற்று விலக நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு.)

இந்தச் சாய்வைச் சல்லடை வகுத்த அறிஞர்களே உணர்ந்திருந்தனர். 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் என்ற அமெரிக்கக் கணினியாளர், சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு குப்பையைக் கண்டறியும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். நல்ல கடிதங்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறதோ அதை இரட்டிப்பாக எண்ணுமாறு அவர் தம் கணக்கை அமைத்தார். வீண்பழியைத் தவிர்க்கவே இவ்வாறு செய்தார். ஸ்பாம் அசாசினின் கையேடும் 5 என்னும் எல்லை சற்றுக் கடுமையானது, தனிநபருக்கே ஏற்றது என்று கூறுகிறது. பலருக்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் 8 அல்லது 10 என வைத்துக்கொள்ளலாம் என்றும் அறிவுறுத்துகிறது. மென்பொருளை நிறுவுவோர் பலர் கையேட்டைத் திறப்பதில்லை. வந்த எண்ணை வந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

மதிப்பெண்களை யார் இடுகிறார்கள் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். தன்னார்வலர்கள் தமக்கு வந்த கடிதங்களை நல்லவை, குப்பை எனக் கையால் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலின் மீது எல்லா விதிகளையும் ஓட்டிப் பார்த்து, பிழை மிகக் குறைவாக வரும்படி கணினியே மதிப்பெண்களைச் சரிசெய்யும். முதலில் உயிரின மரபுத் தேர்வைப் பின்பற்றும் வழிமுறையும், பின்னர் பெர்செப்ட்ரான் என்னும் கற்கும் வழிமுறையும் இதற்குப் பயன்பட்டன. ஆகவே மதிப்பெண் என்பது ஒரு குவியலின் அனுபவம். அக்குவியலில் இல்லாத வகைக் கடிதம் வந்தால் சல்லடைக்கு அதுபற்றி அனுபவம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் திரட்டிய குவியல், தமிழிலோ வங்காளத்திலோ எழுதிய கடிதத்தைப் பற்றி என்ன அறியும்? 1990-களின் இறுதியில், ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழர்கள் தனி எழுத்துருக் குறியீடுகளில் மடல் எழுதினார்கள். பொருள் வரியில் ஆங்கிலமல்லாத குறிகள் முறையாகக் குறியேற்றப்படாமல் மிகுதியாக இருந்தால் மதிப்பெண் ஏற்றும் விதியொன்று ஸ்பாம் அசாசினில் இருந்தது. தாய்மொழியில் எழுதியதே குற்றமாகும் நிலை அது.

விதி பழசாகிப் போவதால் நேரும் வீண்பழியும் உண்டு. இதற்கு 2010 புத்தாண்டு நாள் நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று கிடையாது. தம் கடிதம் பெட்டியின் மேல்வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காகக் குப்பை அனுப்புவோர் சிலர் எதிர்காலத் தேதியை இடுவார்கள். இதைப் பிடிக்க ஸ்பாம் அசாசினில் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: ஆண்டு '20' என்று தொடங்கி, மூன்றாம் இலக்கம் 1 முதல் 9 வரை இருந்தால், அது தொலைவான எதிர்காலம். எழுதிய காலத்தில் இது சரியே. ஆனால் 2010 ஜனவரி 1 பிறந்ததும் உலகில் அன்று எழுதப்பட்ட ஒவ்வொரு நேர்மையான கடிதமும் அந்த விதியில் சிக்கியது. அமைப்பைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 3.5 வரை மதிப்பெண் ஏறியது. 5-க்கு 3.5 முதலிலேயே எழுதப்பட்டுவிட்டால், எஞ்சிய 1.5-க்கு இரண்டு சிறு ஐயங்கள் போதும். வியப்பு என்னவெனில், இக்குறையை முன்னரே கண்டு அடுத்த பதிப்புக்கான பிரதியில் திருத்தியிருந்தார்கள்; மக்கள் பயன்படுத்திய பதிப்புக்கு அத்திருத்தம் வந்து சேரவில்லை. புத்தாண்டு அன்று அவசரமாக அனுப்பப்பட்டது. திருத்தம் தயாராக இருந்தும் கள அலுவலகத்தை எட்டாத கதை, நிருவாகத்தில் உள்ளவர்களுக்குப் புதிதன்று.

நம் நாட்டின் அனுபவத்துக்கு வருவோம். இது மின்னஞ்சல் அன்று, கைப்பேசிக் குறுஞ்செய்தி. ஆயினும் சிக்கல் ஒன்றே. வணிகக் குறுஞ்செய்தித் தொல்லையை ஒழிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-இல் விதிமுறைகளை வகுத்தது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்க் குறியையும் தான் அனுப்பும் செய்தியின் வாசக மாதிரியையும் முன்னதாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவான மாதிரியோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். இங்கே மதிப்பெண் கூட இல்லை. பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் வெளியே. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சலிப்பு முழு அளவில் தொடங்கியபோது, வங்கிகளும் பிற சேவைகளும் அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொற்கள் பெருமளவில் மக்களைச் சென்றடையாமற் போயின. பணம் செலுத்தக் காத்திருந்தவர்களின் கைப்பேசிகள் மௌனமாயின. மறுநாளே ட்ராய் இந்த ஏற்பாட்டை ஏழு நாள்களுக்கு நிறுத்தி வைத்தது.

அன்றைய தவறு யாருடையது என்று நிறுவனங்களும் தொலைத்தொடர்பு இயக்குநர்களும் வாதிட்டுக்கொள்ளலாம். பலமுறை நினைவூட்டியும் மாதிரிகளைப் பதிவுசெய்யாத நிறுவனங்கள் பொறுப்பிலிருந்து நழுவ இயலாது. ஆனால் இழப்பை ஏற்றவர் இவ்விரு தரப்பினரும் அல்லர். செய்திக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர். சல்லடையை அமைப்பவருக்கு வீண்பழியின் வலி தெரிவதில்லை என்பதே, என் கருத்தில், இத்துறையின் அடிப்படைக் குறை. குப்பை தப்பி வந்தால் மேலதிகாரி கோபிக்கிறார்; உடனே எல்லையை இறக்குகிறார்கள். நல்ல கடிதம் மறைந்தால் யார் வந்து முறையிடுவது? அனுப்பியவர் பதில் வரவில்லை என்று மனம் சோர்கிறார். பெறவேண்டியவருக்கோ கடிதம் வந்ததே தெரியாது.

ஒரு சிறு கணக்கு. ஓர் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 100 நல்ல கடிதங்கள் வருவதாகவும், சல்லடை ஆயிரத்துக்கு ஒன்றை மட்டுமே தவறாகத் தள்ளுவதாகவும் கொள்வோம். நூற்றுக்கு 99.9 பங்கு சரி. விளம்பரத்தில் போடத் தக்க எண். 250 வேலை நாள்களில் 25,000 கடிதங்கள். அவற்றில் 25 காணாமற்போகும். அந்த 25 எவருடையவை என்பதுதான் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் கடிதம் எழுதும் தலைமையகத்தின் முகவரி சல்லடைக்குப் பழக்கமானது. அது பெரும்பாலும் சிக்காது. முதன்முறையாக எழுதுபவர், மலிவான சேவையகத்திலிருந்து அனுப்புபவர், பலர் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணைய முகவரிக்குப் பின்னால் இருப்பவர் ஆகியோரே சிக்குவார்கள். பகிர்ந்த முகவரியில் ஒருவருடைய கணினி கிருமி தொற்றிக் குப்பை அனுப்பினால், முகவரி முழுவதும் தடைப்பட்டியலில் ஏறும். உடனிருப்போர் அனைவருக்கும் மதிப்பெண் கூடும். ஆக, வீண்பழி எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. முதல்முறை விண்ணப்பிக்கும் மீனவர் சங்கமும் திக்லிப்பூர் விவசாயியும் அதற்கு எளிதில் இலக்காவார்கள். அவர்கள் நேரில் வந்து கேட்பதற்கும் எளிய வழியில்லை.

அலுவலர்கள் கருத வேண்டிய சட்டக் கூறு ஒன்றும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவு, இரு தரப்பினரும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலன்றி, மின்னணுப் பதிவு எப்போது பெறப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதை வரையறுக்கிறது. அதற்கென ஒரு கணினி முகவரியை அலுவலகம் குறித்திருந்தால், கடிதம் அந்த அமைப்புக்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். படித்த நேரம் அன்று. அந்தப் பிரிவின் சொற்படி பார்த்தால், குப்பைக் கோப்புறையில் கிடக்கும் விண்ணப்பமும் அமைப்புக்குள் நுழைந்துவிட்டதே. கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. 'எங்கள் பார்வைக்கு வரவில்லை' என்ற விடை குடிமகனுக்கு ஆறுதல் தராது. அலுவலகத்துக்கும் பாதுகாப்பு ஆகாது.

என்ன செய்யலாம்? பழைய தபால் துறை நெறியை நினைவுகூர்வது நன்று. கடிதம் ஒன்று சேர்க்கப்பட வேண்டும், அல்லது அனுப்பியவருக்குத் திருப்பப்பட வேண்டும். மின்னஞ்சலிலும் இது இயலும். சந்தேகத்துக்குரிய கடிதத்தை வாசலிலேயே மறுத்தால், அனுப்பிய சேவையகம் தன் பயனருக்குச் செய்தி சொல்லும். அவர் தொலைபேசியிலாவது அழைப்பார். ஏற்றுக்கொண்டு பின்னர் திருப்பி அனுப்புவது மட்டும் கூடாது. குப்பையில் அனுப்புநர் பெயர் பெரும்பாலும் போலி, ஆகவே அந்த மறுப்பு யாரோ ஓர் அப்பாவியின் பெட்டியை நிரப்பும். ஏற்கவும் செய்து, எவருக்கும் சொல்லாமல் அழித்தும் விடுவதே மிகக் கேடான வழி. பொதுமக்களின் விண்ணப்பங்களைப் பெறும் முகவரிக்கு எல்லையை உயர்த்தி வைப்பதும், அதனால் கூடுதலாக வரும் குப்பையை ஓர் எழுத்தர் அழிப்பதற்கு நாளொன்றுக்குக் கால்மணி ஒதுக்குவதும் வீண் செலவல்ல.

அனுப்பும் பக்கத்திலும் கடமை உண்டு. இன்ன சேவையகமே எங்கள் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று உலகுக்கு அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்தில் மறைகுறிக் கையொப்பம் இடும் டி.கே.ஐ.எம்., இவ்விரண்டும் தவறினால் என்ன செய்வது என்று கூறும் டிமார்க் ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. 2024 பிப்ரவரி முதல், தம் பயனர்களுக்கு மிகுதியாகக் கடிதம் அனுப்புவோர் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் வற்புறுத்துகின்றன. அரசு முகவரி இருக்கையில் தனியார் முகவரியிலிருந்து ஆணைகளை அனுப்பும் வழக்கத்தை விட்டொழிக்க இதுவே போதிய காரணம். பொருள் வரியைச் சாதாரண எழுத்தில் எழுதுங்கள். கடிதத்தின் சாரத்தை நான்கு வரிகளில் உரையாகவே தாருங்கள். படமாக்கிய தாள் பின்னால் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஸ்பாம் அசாசின் வழியே வந்த கடிதத்தின் தலைப்புப் பகுதியைத் திறந்தால், அது பெற்ற மொத்த மதிப்பெண்ணும் சிக்கிய விதிகளின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கு வந்த தமிழ், இந்திக் கடிதங்களை ஒரு மாதம் எடுத்து, எந்த விதி எத்தனை முறை நல்ல கடிதத்தின் மீது விழுந்தது என்று பட்டியலிடுங்கள். ஜிமெயில் எண்ணைக் காட்டாது. ஆனால் குப்பையில் இட்டதற்கான காரணத்தை ஒரு வரியில் சொல்லும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிமெயிலில் குப்பைக் கோப்புறைக்குப் போன கடிதம் 30 நாள்களில் தானே அழிந்துவிடும். நீண்ட விடுப்பில் தாயகம் சென்று கப்பலில் திரும்புவோருக்கு அந்த 30 நாள் எளிதில் கடந்துவிடும். புறப்படுமுன் அலுவலக முகவரியின் குப்பைக் கோப்புறையையும் நாள்தோறும் பார்க்குமாறு பொறுப்பேற்பவரிடம் எழுத்தில் ஒப்படைத்துச் செல்லுங்கள்.